குருவானவரின் கதையும் குவரானியரின் வரலாறும்

வரலாற்றிலிருந்து பொருளெடுத்துக் கலை செய்பவன் நடந்தவை யாவற்றையும் நடந்தவாறே காட்டவேண்டும் என்று எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஆண்டுகளைச் சுருக்கலாம், இரு மனிதரை ஒருவராக்கலாம், இல்லாத ஒருவனைப் படைத்து, இருந்த பலரின் இயல்புகளை அவன்மேல் ஏற்றலாம். இவ்வுரிமை கலைஞனுக்கு உண்டு. ஆனால், ஒரு வரலாற்றுச் செயலைச் செய்தவர் யார் என்னும் வினாவுக்கு ஒரு படைப்புத் தரும் விடை பிழைக்குமாயின், அதனை ஆண்டுக் கணக்கில் நேர்ந்த தவறுபோலப் பொறுத்துக்கொள்ள இயலாது. 1986ஆம் ஆண்டு வெளிவந்த 'த மிஷன்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தை நாம் இந்நோக்கிலேயே ஆராய விரும்புகின்றோம்.

படம் பழையதே. எனினும், குடியேற்ற ஆதிக்கத்தின் கொடுமையை மாணவருக்கு உணர்த்த விரும்பும் ஆசிரியர்கள் இன்றும் இதனை எடுத்துக்காட்டுவதுண்டு. இதனைப் பற்றி நம்மவரிடையே இருவகைக் கருத்துக்கள் வழங்குகின்றன. பாதிரிமாரை வீரராகக் காட்டும் படம் பிற்போக்கானது, அதனைப் பார்ப்பதே வீண் என்பது ஒன்று. ஏகாதிபத்தியத்தை இவ்வளவு உருக்கமாகக் கண்டித்த படம் வேறில்லை என்பது மற்றையது. முதற் கருத்தினர் பலர் படத்தை முழுமையாகப் பார்த்தவரல்லர். இரண்டாவது கருத்தினரோ கண்ணீர் துடைத்த பின்னர் எழவேண்டிய வினாக்களை எழுப்பாதோர். கண்ணீரைப் பற்றி ஏளனமாகப் பேச எமக்கும் உரிமையில்லை. முதன்முறை பார்த்தபோது நாமும் கலங்கினோம்.

இதனை நெறிப்படுத்தியவர் றோலன்ட் ஜொபே. இதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னர் கம்போடியாவைப் பற்றிய 'த கில்லிங் பீல்ட்ஸ்' படத்தைத் தந்தவர். திரைக்கதை எழுதிய றொபேட் போல்ற் இளமையிற் பிரித்தானியப் பொதுவுடைமைக் கட்சியில் உறுப்பினராயிருந்தவர். பல்லாண்டுகள் பாடசாலை ஆசிரியராகக் கடமையாற்றியவர். ஆதலின், இப்படத்தை ஆக்கியோர் அரசியல் அறியாதவரென்றோ ஆலயத்துக்கு விளம்பரம் செய்ய முன்வந்தவரென்றோ கூறிவிட முடியாது. 1986ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் இது முதற் பரிசைப் பெற்றது.

கதையைச் சுருக்கமாகக் கூறின் அமையும். இகுவாசு நீர்வீழ்ச்சிக்கு மேலே வாழும் குவரானி மக்கள், தம்மிடம் வந்த குருவானவர் ஒருவரைச் சிலுவையிற் கட்டி ஆற்றில் விட்டுவிடுகின்றனர். அவருக்குப் பதிலாகக் கபிரியேல் என்னும் இயேசு சபைக் குருவானவர் பாறைமீதேறிச் செல்கின்றார். காட்டிலே அமர்ந்து ஓபோ என்னும் குழலை ஊதுகின்றார். இசையால் அவர்களைக் கவர்கின்றார். மென்டோசா என்பவனோ அதே மக்களைப் பிடித்து அடிமைகளாக விற்பவன். பெண்ணொருத்தியின் பொருட்டுத் தம்பியைக் கொன்று, மனம் நொந்து, கபிரியேலின் சபையிற் சேருகின்றான். 1750ஆம் ஆண்டின் மட்றிட் உடன்படிக்கையின்படி அந்நிலம் ஸ்பானியரிடமிருந்து போர்த்துக்கேயருக்குக் கைமாறவிருக்கின்றது. பாப்பரசரின் தூதராக வரும் அல்தமிரானோ, குருமார் வெளியேறவேண்டும், மக்கள் காட்டுக்குத் திரும்பவேண்டும் என்று தீர்ப்பளிக்கின்றார். கபிரியேல் நற்கருணைக் கதிர்ப்பாத்திரத்தை ஏந்தி மக்களோடு நடந்து துப்பாக்கிக்கு இரையாகின்றார். மென்டோசா மீண்டும் வாளெடுத்துப் போரிட்டு மடிகின்றான்.

இப்படத்தின் சிறந்த காட்சி நீர்வீழ்ச்சிக் காட்சியுமன்று, போர்க்காட்சியுமன்று. அல்தமிரானோவின் முன் நடைபெறும் விசாரணையே அது என்பது எமது துணிபு. சிறுவனொருவன் சபை நடுவே நின்று பாடுகின்றான். அவ்வாறு பாடவல்லவன் மனிதனே என்று குருமார் வாதிடுகின்றனர். கிளியையும் பாடப் பழக்கலாம் என்ற பொருள்படப் பெருந்தோட்ட முதலாளியான கபேசா விடையிறுக்கின்றான். இம்மக்கள் மூன்றாவது குழந்தையைக் கொன்றுவிடுவர், ஆதலின் விலங்குகளே என்ற குற்றச்சாட்டு எழுகின்றது. தாய் ஒரு குழந்தையையும் தந்தை ஒரு குழந்தையையுமே தூக்கிக்கொண்டு ஓடமுடியும். அவர்கள் ஓடுவதோ அடிமை வேட்டையாடும் உங்களுக்கு அஞ்சி என்று கபிரியேல் கூறும்போது மண்டபம் அமைதியாகின்றது. காட்டுமிராண்டித்தனம் என்று ஆள்வோன் சுட்டிக்காட்டும் வழக்கத்துக்கு ஆள்வோனே காரணமாயிருக்கும் உண்மை, நீண்ட சொற்பொழிவின்றிச் சில நொடிகளில் வெளிப்படுகின்றது. குடியேற்ற ஆதிக்கத்தின் 'நாகரிகப் பணி' என்னும் வாதத்துக்கு இதனிலும் செறிவான மறுப்பைத் திரையில் நாம் கண்டதில்லை.

அதே விசாரணையின் தொடர்ச்சியாகவே அல்தமிரானோ சன் மிகுவேல் ஊரைப் பார்வையிடுகின்றார். தோட்டத்தின் வருவாய் எங்கே செல்கின்றது என்று வினவுகின்றார். எல்லோரும் பகிர்ந்துகொள்கின்றனர் என்ற விடை அவரை மகிழ்விக்கவில்லை, சங்கடப்படுத்துகின்றது. ஏன்? அயலிலுள்ள ஸ்பானிய, போர்த்துக்கேயத் தோட்டக்காரருக்குக் கூலியற்ற உழைப்பு வேண்டும். அவ்வுழைப்பைத் தரவேண்டியவர்கள் தமது விளைச்சலைத் தாமே விற்றுச் சந்தையிற் போட்டியாளராகிவிட்டனர். போல்றின் பழைய பயிற்சி இவ்விடத்தில் அவரைக் கைவிடவில்லை. உழைப்பும் சந்தையும் பற்றிய இம்முரண்பாட்டிலேயே படம் நின்றிருந்தால் எமது கட்டுரையும் வேறுவிதமாய் அமைந்திருக்கும்.

இனி வரலாற்றை நோக்குவோம். 1750 ஜனவரியில் எழுதப்பட்ட உடன்படிக்கையின்படி, உருகுவே ஆற்றின் கிழக்குக் கரையிலிருந்த ஏழு குவரானி ஊர்களைப் போர்த்துக்கல் பெற்றுக்கொள்ளும். அதற்கீடாகப் பிளாத்தா ஆற்றங்கரையிலிருந்த கொலோனியா டெல் சக்ரமென்டோ என்னும் துறைமுகத்தை ஸ்பெயினுக்கு அளிக்கும். ஏறக்குறைய 30,000 மக்கள் ஆற்றைக் கடந்து வேறிடம் செல்லவேண்டும். தூக்கிச் செல்லக்கூடியவற்றை அவர்கள் எடுத்துச் செல்லலாம். வீடும் கோவிலும் நிலமும் போர்த்துக்கேயருக்குரியனவாகும். ஊர் ஒன்றுக்கு 4000 பேசோ நட்டஈடு என்று ஸ்பானிய அரசு விதித்தது.

இவ்வூர்கள் படத்திற் காட்டப்படுவதுபோல நேற்றுக் காட்டை வெட்டி மூங்கிலால் அமைத்தவையல்ல. 1682க்கும் 1707க்கும் இடையில் அக்கரையில் நிலைபெற்றவை. கற்கோவில்களும் பஞ்சுத் தோட்டங்களும் மாத்தே இலைத் தோட்டங்களும் எண்ணிறந்த கால்நடைகளும் உடையவை. நீர்வீழ்ச்சியும் அடர்காடும் கண்ணுக்கு விருந்தளிப்பன என்பது உண்மையே. இப்படத்தின் ஒளிப்பதிவுக்கு ஒஸ்கார் பரிசும் கிடைத்தது. ஆனால் ஏழு ஊர்களின் மக்கள் இழந்தது இயற்கையின் மடியை அன்று. மூன்று நான்கு தலைமுறையினரின் உழைப்பு உறைந்திருந்த உற்பத்திச் சாதனங்களை அவர்கள் இழந்தனர். காட்டிலிருந்து வந்தோர் காட்டுக்கே திரும்புகின்றனர் என்ற தோற்றத்தைப் படம் ஏற்படுத்துவதால் இழப்பின் அளவே மறைக்கப்பட்டுவிடுகின்றது.

இன்னுமொன்று. எந்தத் துறைமுகத்துக்கு விலையாக இம்மக்களின் நிலம் கொடுக்கப்பட்டதோ, அந்தக் கொலோனியாவை 1680இலும் 1705இலும் போர்த்துக்கேயரிடமிருந்து ஸ்பானிய அரசருக்குக் கைப்பற்றிக் கொடுத்த படைகளிற் பெரும்பாலோர் குவரானியரே. அரசருக்காகத் தாம் இரத்தம் சிந்திப் பெற்றுக்கொடுத்த இடத்தை, பின்னர் அதே அரசர் தமது ஊர்களைக் கொடுத்து வாங்கினார் என்பதை அறிந்த மக்களின் மனநிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். எந்த நாடகாசிரியனும் விட்டுவிடத் துணியாத இச்செய்தி படத்தில் இல்லை. அது இடம்பெறுமாயின் குவரானியர் படை நடத்தத் தெரிந்தவர்களாக, அரசியல் அறிந்தவர்களாகத் திரையில் தோன்றவேண்டியிருக்கும். உண்மையில் அவர்கள் 1641ஆம் ஆண்டிலேயே, சாவோ பவுலோவிலிருந்து வந்த அடிமை வேட்டைக்காரரை ம்பொறோறே என்னுமிடத்திற் படகுப் போரில் முறியடித்தவர்கள். படத்திலோ, ஒரு பழைய அடிமை வியாபாரியிடமிருந்தே அவர்கள் தற்காப்புப் போரைக் கற்றுக்கொள்ளவேண்டியிருக்கின்றது!

மிஷன் ஊர்களைப் பற்றியும் நாம் நிதானமாகப் பேசவேண்டும். 1609ஆம் ஆண்டளவில் தொடங்கிய இவ்வமைப்பு, 1732இல் முப்பது ஊர்களும் ஏறக்குறைய 1,41,000 மக்களும் கொண்டதாக வளர்ந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி நிலமும், வாரத்திற் சில நாட்கள் எல்லோரும் உழைக்கும் பொது நிலமும் இருந்தன. வெளியேயிருந்த ஸ்பானியத் தோட்டங்களிற் குவரானியர் அநுபவித்த கட்டாய உழைப்போடு ஒப்பிடுகையில் இது பெரும் பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும், இதனைப் பொன்னுலகாக வருணிக்கவும் எம்மால் இயலாது. சவுக்கடித் தண்டனை இருந்தது. எதை எங்கே விற்பது என்ற முடிவு குருமாரிடமே இருந்தது. மக்கள் நெருங்கி வாழ்ந்தமையாற் கொள்ளை நோய்கள் வாரிக்கொண்டு போயின. 1740இல் ஊர்களின் தொகை ஏறக்குறைய 74,000ஆகச் சுருங்கிவிட்டது. மார்க்ஸின் மருமகனான போல் லபார்க் இவ்வூர்களை ஆராய்ந்து, இவற்றைப் பொதுவுடைமைச் சமுதாயம் என்றழைப்பது தவறு, இவை உழைப்பைச் சுரண்டிய முதலாளித்துவ முயற்சியே என்று வாதிட்டார். அவர் தராசு ஒரு பக்கம் சற்று அதிகமாகவே சாய்ந்துவிட்டது என்பது எமது எண்ணம். எனினும், அவர் எழுப்பிய வினா படத்தில் எழவேயில்லை. இதே இயேசு சபை பிரேசிலிலும் கோர்டோபாவிலும் தனது தோட்டங்களில் ஆபிரிக்க அடிமைகளை வைத்து வேலைவாங்கியது என்னும் உண்மையும் படத்தில் நிழலாகக்கூடத் தோன்றவில்லை.

இனி எமது முதன்மையான குறைபாட்டுக்கு வருகின்றோம். அல்தமிரானோ குவரானியரிடம் சென்று, நிலத்தை விட்டு நீங்குக என்று கூறும் காட்சியை நினைவுகூர்க. அவர் ஒரு மொழியிற் பேசுகின்றார். மக்களின் தலைவன் வேறொரு மொழியில் விடையளிக்கின்றான். நடுவிலே கபிரியேல் நின்று மொழிபெயர்க்கின்றார். தலைவனின் சொற்கள் எமக்கு நேரே எட்டுவதில்லை. குருவானவரின் வாய் வழியாக, அவருடைய குரலின் தழுதழுப்பையும் சேர்த்துக்கொண்டே அவை வருகின்றன. படம் முழுவதிலும் இதுவே நிலை. குவரானியர் அழகாக இருக்கின்றனர், சிரிக்கின்றனர், பாடுகின்றனர், வயலின் செய்கின்றனர், இறக்கின்றனர். ஒரு குவரானியன் இன்னொரு குவரானியனோடு, என்ன செய்யலாம் என்று கலந்து பேசுவதை நாம் விளங்கிக்கொள்ளும் காட்சி ஒன்றேனும் இல்லை.

மென்டோசாவின் பாவபரிகாரக் காட்சியையும் நோக்குக. தனது போர்க்கவசத்தையும் வாளையும் வலையிற் கட்டி இழுத்துக்கொண்டு அவன் பாறைமீது ஏறுகின்றான். உச்சியில், அவனால் உறவினரை இழந்த மக்கள் நிற்கின்றனர். ஒருவன் கத்தியோடு பாய்ந்து வருகின்றான், கழுத்தில் வைக்கின்றான், பின்னர் கயிற்றை அறுத்துச் சுமையை ஆற்றில் தள்ளிவிடுகின்றான். மென்டோசா அழுகின்றான், மக்கள் சிரிக்கின்றனர். நெஞ்சை உலுக்கும் காட்சி! ஆனால் அந்தக் கத்தியைப் பிடித்திருந்தவன் யார்? அவன் எவரை இழந்தவன்? மன்னிப்பதற்கு அவன் எவ்வளவு விலை கொடுத்தான்? கமெரா அவனைவிட்டு நகர்ந்து மென்டோசாவின் முகத்திலே தங்கிவிடுகின்றது. அடிமையாக்கப்பட்டோரின் மாபெருஞ் செயலொன்று, அடிமையாக்கியவனின் ஆன்ம ஈடேற்றத்துக்குத் துணைப்பொருளாகச் செலவழிக்கப்பட்டுவிட்டது.

இம்மக்கள் பேசாதவர்களாயிருந்தனரா? 1753ஆம் ஆண்டு யூலை மாதம் குவரானி ஊர்களின் சபைகள் புவனோஸ் அயர்ஸ் ஆளுநரான அந்தோனேகிக்குக் கடிதங்கள் எழுதின. குவரானி மொழியிலே எழுதப்பட்ட அக்கடிதங்கள் இன்றும் உள்ளன. அவற்றின் வாதத்தைச் சுருக்கிக் கூறின்: அரசருக்கு நாம் தீங்கேதும் செய்ததில்லை, அவர் அழைத்தபோதெல்லாம் படையெடுத்துச் சென்றோம், எம்மைக் காப்பதாக முன்னர் வாக்களித்த அரசர் இவ்வாறு கட்டளையிட்டிருப்பார் என நம்ப இயலவில்லை, அவரை எவரோ ஏமாற்றியிருக்கவேண்டும், கோவிலையும் ஊரையும் கட்டியவை எமது கைகள், எம் முன்னோரைக் கொன்றும் அடிமைப்படுத்தியும் வந்த போர்த்துக்கேயருக்கு எமது உழைப்பின் பயனை ஏன் கொடுக்கவேண்டும்? இதிலே அழுகை குறைவு, வழக்காடல் மிகுதி. அரசனின் சொல்லை அரசனுக்கு எதிராகவே நிறுத்தும் சாதுரியம் உண்டு. உழைத்தவனுக்கே உடைமை என்னும் எண்ணமும், அக்காலத்துக்கும் அவர்களது சமயத்துக்கும் உரிய மொழியிலே, தெளிவாக ஒலிக்கின்றது.

இங்கு ஒரு முரண்பாட்டை மறைத்தல் நேர்மையாகாது. குவரானி மொழிக்கு எழுத்து வழக்கை உண்டாக்கியவர்கள் குருமாரே. அந்தோனியோ றூயிஸ் டி மொன்தோயா என்னும் இயேசு சபையினர் 1639இல் பேரகராதியொன்றை மட்றிட்டில் அச்சேற்றினார். தமிழ் வாசகருக்கு இச்செய்தி வியப்பளிக்காது. 1578இல் கொல்லத்திலே 'தம்பிரான் வணக்கம்' என்னும் நூலைத் தமிழில் அச்சேற்றிய அன்றிக்கு அடிகளாரும், 1732இல் சதுரகராதியை ஆக்கிய வீரமாமுனிவரும் அதே சபையைச் சேர்ந்தவர்கள். அதே போர்த்துக்கேய அரசின் ஆதரவில் இயங்கிய மறைப்பணியைச் சேர்ந்தவர்கள். மதம் பரப்பவே மொழி கற்றனர் என்று கூறி இவர்களின் உழைப்பை ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ஒரு கருவி, அதனைச் செய்தவன் நினைத்த வேலைக்கு மட்டுமே பயன்படும் என்ற நியதியில்லை. செபம் எழுதுவதற்காகக் கற்பிக்கப்பட்ட எழுத்தைக்கொண்டே குவரானியர் 1753இல் நிலவுரிமையை எழுதினர். தமது குருமாரின் தலைமைப்பீடமே இட்ட கட்டளையை மறுத்தும் எழுதினர்.

ஏனெனில் வரலாற்றில் வரும் அல்தமிரானோ பாப்பரசரின் தூதரல்லர். லோப்பே லூயிஸ் அல்தமிரானோ என்னும் அவர் தாமே ஓர் இயேசு சபைக் குருவானவர். உடன்படிக்கையை நிறைவேற்றி முடிக்குமாறு சபையின் தலைவரால் அனுப்பப்பட்டவர். உண்மையான குருவானவர் இவ்வாறு பேசமாட்டார், இவர் பாதிரி உடையணிந்த போர்த்துக்கேயரே என்று குவரானியர் ஐயுற்றனர். அவர்களுக்கு அஞ்சி அவர் புவனோஸ் அயர்ஸுக்குப் பின்வாங்கினார். சபை தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மக்களைக் கைவிடத் துணிந்த இக்கதையைப் படம் மாற்றியமைத்துள்ளது. கைவிடும் குற்றம் முழுவதும் உரோமாபுரியின் மேலும் அரசர்களின் மேலும் சுமத்தப்பட, சபையினர் அனைவரும் தியாகிகளாகின்றனர். தனிப்பட்ட குருமார் பலர் மனம் கலங்கினர், சிலர் மக்களோடு தங்கினர் என்பன உண்மையே. எனினும், எதிர்ப்பின் முடிவை எடுத்தவர்கள் அவர்களல்லர். 1753 பெப்ருவரியில் எல்லை அளக்க வந்தோரைச் சாந்தா தெக்லாவில் மறித்துத் திருப்பியனுப்பியவர்கள் குவரானியர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவன் சன் மிகுவேல் ஊரவனாகிய செப்பே தியராஜு.

செப்பே 1756 பெப்ருவரி 7ஆம் நாள் கொல்லப்பட்டான். மூன்று நாட்களின் பின்னர், 10ஆம் நாள், கையிபோவாத்தே என்னும் மேட்டுநிலத்தில், இரு நூற்றாண்டுகளாகப் பகைவராயிருந்த ஸ்பானியரும் போர்த்துக்கேயரும் ஒரே அணியில் நின்று தாக்கினர். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேற்பட்ட பொழுதில் ஏறக்குறைய 1500 குவரானியர் மாண்டனர். எதிரணியில் இறந்தோர் விரல்விட்டு எண்ணத்தக்கவர். செப்பேயின் பின் தலைமை ஏற்ற நிக்கொலாஸ் ஞேங்குயிருவைப் பற்றி ஐரோப்பாவில் விந்தையான வதந்தியொன்று பரவியது. இயேசு சபையினர் அவனைப் 'பராகுவேயின் அரசன் முதலாம் நிக்கொலாஸ்' என முடிசூட்டிவிட்டனர் என்று துண்டுப் பிரசுரங்கள் எழுதின. குவரானியர் தாமாகவே கிளர்ந்தெழ வல்லவர் என்பதை அன்றைய லிஸ்பனும் நம்ப மறுத்தது. பின்னாலிருந்து யாரோ ஆட்டுவிக்கின்றனர் என்றே கூறியது. சபையின் பகைவர் பதினெட்டாம் நூற்றாண்டிற் சொன்னதையே, சபையின் மீது அன்பு கொண்ட படம் இருபதாம் நூற்றாண்டில் வேறொரு சுருதியிற் சொல்கின்றது. இருவரும் ஒன்றுபடும் இடம் ஒன்றே: குவரானியரின் செயலுக்குக் காரணர் குருமார்.

இவ்வாறு நோக்கும்போது, படத்தின் உயிர்நாடி என்று பலராலும் போற்றப்படும் வினா, அதாவது கபிரியேலின் வழியா மென்டோசாவின் வழியா, செபமா வாளா என்பது, வேறொரு நிறம் கொள்கின்றது. எத்தனையோ வகுப்பறைகளுக்கும் விவாத மேடைகளுக்கும் உகந்த தலைப்பு அது. நாமும் அதில் வாதாடியவர்களே. ஆயினும் அது இரண்டு ஐரோப்பியரின் மனச்சாட்சிக்குள் நடைபெறும் விவாதம். அவர்கள் தத்தம் ஆன்மாவுக்கு உகந்த மரணத்தைத் தேர்ந்துகொள்கின்றனர். மக்களோ இவருக்குப் பின்னாற் சிலரும் அவருக்குப் பின்னாற் சிலருமாகச் செல்கின்றனர். ஏன் சிலர் இப்பக்கம், ஏன் சிலர் அப்பக்கம் என்பது எமக்குச் சொல்லப்படுவதில்லை. அவர்களுக்கு முன்னிருந்த வினாக்கள் வேறு: ஆற்றைக் கடந்து போவதா, கால்நடைகளை எங்கே ஒட்டுவது, அக்கரையில் விதைப்பதற்கு நிலம் உண்டா, அயலூரார் துணைக்கு வருவாரா, அரசரின் மனம் மாறும்வரை காலம் கடத்த இயலுமா? இவை சிறிய வினாக்களாகத் தோன்றலாம். ஆனால் 30,000 மக்களின் வாழ்வு இவற்றிலேயே தங்கியிருந்தது.

இக்குறையைச் சுட்டும்போது எமது விரலொன்று எம்மையும் நோக்கி மடங்குவதை உணராமலில்லை. எமது முற்போக்குச் சிறுகதைகளிலும் நாடகங்களிலும் எத்தனை முறை நகரத்திலிருந்து ஓர் இளம் ஆசிரியன் வந்து இறங்கியிருக்கின்றான்! தோட்டத்துக்கோ, கடற்கரைக் குடியிருப்புக்கோ, தாழ்த்தப்பட்டோரின் குச்சொழுங்கைக்கோ அவன் வருகின்றான்; விழிப்பூட்டுகின்றான்; இறுதியில் அடிபடுகின்றான் அல்லது இடமாற்றம் பெறுகின்றான். மக்கள் அவனுக்காகக் கண்ணீர் விடுகின்றனர். அவன் வருவதற்கு முன்னர் அவர்கள் எவ்வாறு எதிர்த்தனர், எதைப் பேசினர், எங்கே தோற்றனர் என்பது கதையில் வருவதில்லை. ஓபோவுக்குப் பதிலாக அவன் கையில் ஒரு புத்தகம், வேறுபாடு அவ்வளவே. எழுதுவோர் பலர் ஆசிரியராயிருப்பதால் இது நேர்கின்றது போலும்.

படத்தின் இசையைக் குறிப்பிடாது விடுவது நன்றியீனமாகும். எனியோ மொறிக்கோனே அமைத்த இசை, ஓபோவின் தனியிசையையும் இலத்தீன் வழிபாட்டுப் பாடலையும் மரமுழவின் தாளத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செல்கின்றது. படம் அறிவுக்கு எட்டச் சொல்லத் தவறியதை, இரு உலகங்களின் மோதலையும் கலப்பையும், இசை செவிக்குச் சொல்லிவிடுகின்றது. மிஷன் ஊர்களில் உண்மையாகவே கருவிகள் செய்யப்பட்டன; இசைக்குழுக்கள் இருந்தன. ஐரோப்பியப் புகழைத் துறந்து தென்னமரிக்கா சென்று 1726இல் கோர்டோபாவிலே இறந்த டொமெனிக்கோ சிப்போலியின் இசைப்படைப்புக்கள், பொலிவியாவின் மிஷன் ஊர்களில் அம்மக்களின் கையெழுத்துப் பிரதிகளாகவே காக்கப்பட்டு இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிப்பட்டன.

படம் எழுந்த காலத்தையும் மனங்கொள்ளவேண்டும். 1980 மார்ச்சில் எல் சல்வடோரின் பேராயர் ஒஸ்கார் றொமேரோ, பூசை நிறைவேற்றிக்கொண்டிருக்கையிற் சுடப்பட்டார். ஏழைகளின் பக்கம் சாய்ந்த இலத்தீன் அமெரிக்கக் குருமாரை 1984இல் உரோமாபுரி எச்சரித்தது. வியட்நாம் போருக்கெதிராகக் கட்டாயப் படைச்சேர்ப்புக் கோவைகளை எரித்துச் சிறைசென்ற இயேசு சபையினரான டானியல் பெறிகன் இப்படத்துக்கு ஆலோசகராயிருந்து, சிறு வேடமொன்றிலும் தோன்றினார். ஆகவே, அல்தமிரானோவின் தடுமாற்றம் 1986இன் தடுமாற்றமுமாகும். கொலைகளுக்குப் பின்னர், உலகம் இப்படித்தான் என்று ஒந்தார் சமாதானம் கூற, இல்லை, உலகை இப்படி ஆக்கியவர்கள் நாங்களே என்ற கருத்தில் அவர் விடையளிக்கின்றார். சமூக அநீதி இயற்கை நியதியன்று, மனிதர் செய்த ஏற்பாடே என்ற உண்மையை ஒரு கர்தினாலின் வாயிலாகவே வெளியிட்ட துணிவை நாம் மதிக்கின்றோம். படத்தைப் பிற்போக்கு என்று ஒதுக்குவோர் இவ்விடத்தையேனும் மீண்டும் பார்த்தல் நன்று.

பார்க்கும்போது இன்னொன்றையும் கவனிக்கலாம். குவரானியராகத் திரையில் தோன்றுவோர் குவரானியரல்லர். கொலம்பியாவில் வாழும் வவுனானா என்னும் வேறொரு மக்களே அவர்கள். நீர்வீழ்ச்சியைக் காட்டுவதற்கு இகுவாசுவுக்கே சென்றவர்கள், அதனருகில் வாழ்ந்த மக்களைக் காட்டுவதற்கு வேறொரு நாட்டு மக்கள் போதும் என்று எண்ணினர்.

இறுதிக் காட்சியில், எரிந்த ஊரின் நீரிலிருந்து ஒரு சிறுமி வயலினொன்றை எடுக்கின்றாள். உயிர் தப்பிய சிறுவர் சிலர் ஓடத்தில் ஏறி ஆற்றின் மேற்புறமாகக் காட்டுக்குள் செல்கின்றனர். அழகிய காட்சி; ஆனால் குவரானியர் அவ்வாறு மறைந்துவிடவில்லை. 1761இல் அந்த உடன்படிக்கையே இரத்துச் செய்யப்பட, அவர்கள் தமது ஊர்களுக்கு மீண்டனர். இயேசு சபையை 1759இல் போர்த்துக்கலும் 1767இல் ஸ்பெயினும் வெளியேற்றின. 1768 பெப்ருவரியில் சன் லூயிஸ் ஊரின் தலைவர்கள் ஆளுநருக்கு மீண்டும் எழுதினர்: குருமாரை எம்மிடமே விட்டுவிடுங்கள், நாங்கள் அடிமைகளல்லர், ஒருவருக்கொருவர் உதவாது ஒவ்வொருவனும் தன்னையே பார்த்துக்கொள்ளும் ஸ்பானியரின் வழக்கம் எமக்கு உகந்ததன்று என்பது அதன் சாரம். குருமார் வேண்டும் என்பதும் அடிமைகளல்லர் என்பதும் ஒரே கடிதத்தில் நிற்கின்றன. 1801இல் போர்த்துக்கேயர் ஏழு ஊர்களையும் கைப்பற்றினர்.

படம் அல்தமிரானோ பாப்பரசருக்குச் சொல்லி எழுதுவிக்கும் கடிதத்தோடு தொடங்குகின்றது. அது வெளிவருவதற்கு ஆறாண்டுகளுக்கு முன்னர், 1980இல், பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பிரேசிலின் மனாவுஸ் நகருக்கு வந்தபோது, மார்சால் டி சூசா என்னும் குவரானித் தலைவர் அவர் முன் எழுந்து நின்று, தமது மக்களின் நிலம் பறிக்கப்படுவதையும் தலைவர்கள் கொல்லப்படுவதையும் தாமே எடுத்துரைத்தார். நடுவிலே எந்தக் குருவானவரும் நிற்கவில்லை. 1983 நவம்பர் 25ஆம் நாள், மாத்தோ குறோசோ டோ சுல் மாநிலத்தில், தமது குடிசையின் வாசலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.